பார்ட், கியூ, பாட்டுத் தாள்: ஷேக்ஸ்பியர் காலத்து நாடகம் எந்தக் காகிதங்களில் இருந்தது

தெற்கு லண்டனில் உள்ள டல்லிச் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் ஒரு பழைய காகிதச் சுருளின் மிச்சம் இருக்கிறது. அகலம் சுமார் 6 அங்குலம். துண்டுத் தாள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிச் செய்தது. முழுசாக இருந்த காலத்தில் 17 அடிக்குப் பக்கமாக நீளம் வந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1590களின் தொடக்கத்தில் லண்டன் மேடையின் பெரிய நட்சத்திரமான எட்வர்ட் ஆலின், ராபர்ட் கிரீன் எழுதிய 'ஒர்லாண்டோ ஃப்யூரியோஸோ' நாடகத்தில் கதாநாயகன் வேடம் போட்டபோது மனப்பாடம் செய்ய வைத்திருந்த பார்ட் இது. ஒர்லாண்டோ பேச வேண்டிய வசனம் மட்டும்தான் இதில் உண்டு. மற்றவர்கள் பேசுவது எதுவும் இல்லை. ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் ஒரு நீண்ட கோடு, கோட்டின் கடைசியில் இரண்டு மூன்று சொற்கள். அந்தச் சொற்கள்தான் கியூ, அதாவது எதிரே நிற்பவர் பேசி முடிக்கும் கடைசிச் சொற்கள். அவற்றைச் சொல்லப்போவது யார் என்பதைப் பெரும்பாலும் குறித்திருக்க மாட்டார்கள். அதற்குமுன் அவர் எவ்வளவு நேரம் பேசுவார் என்பதும் தெரியாது.

ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்தின் தொழில்முறை மேடையிலிருந்து நம் காலம் வரைக்கும் பிழைத்து வந்த பார்ட் இது ஒன்றுதான். லண்டனில் நிரந்தர நாடக அரங்குகள் எழத் தொடங்கிய 1567 முதல், பாராளுமன்றம் அவற்றை இழுத்து மூடிய 1642 வரை சுமார் 3,000 நாடகங்கள் எழுதப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து பார்ட் என்று வைத்தாலும், எழுதி, ஒட்டி, சுருட்டி, மனப்பாடம் செய்து, கிழிந்து போன சுருள்கள் எத்தனை ஆயிரம் இருந்திருக்கும்! நாடகங்களிலேயே ஐந்நூற்றுச் சொச்சம்தான் மிஞ்சியிருக்கின்றன. சுருள்களில் ஒன்றே ஒன்று.

இந்த ஒன்றை மையத்தில் வைத்து அந்தக் கால மேடையைப் புரட்டிப் பார்த்தவர்களில் முக்கியமானவர் டிஃபனி ஸ்டெர்ன். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஷேக்ஸ்பியர் ஆய்வு நிறுவனத்தில் பேராசிரியர். 2000இல் வெளிவந்த அவருடைய முதல் நூல், ஷேக்ஸ்பியர் காலம் தொடங்கி 18ஆம் நூற்றாண்டு இறுதி வரை நாடக ஒத்திகை எப்படி நடந்தது என்பதைப் பற்றியது. 2007இல் சைமன் பால்ஃப்ரியுடன் சேர்ந்து பார்ட்டுகளைப் பற்றி ஒரு நூல், 2009இல் நாடகத்தைச் சுற்றிப் புழங்கிய மற்றக் காகிதங்களைப் பற்றி இன்னொன்று. மூன்றிலும் ஓடுகிற கேள்வி ஒன்றுதான். நாடகம் என்றால் நாம் கையில் எடுப்பது ஒரு முழுப் புத்தகம். அதை நடித்தவர்கள் கையில் என்ன இருந்தது?

இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரிய, அந்தக் கால நாடகக் கம்பெனியின் வேலை வேகம் தெரிய வேண்டும். அதற்கு நமக்கு இருக்கும் பெரிய துணை ஃபிலிப் ஹென்ஸ்லோ. தேம்ஸ் நதியின் தென்கரையில் 1587இல் ரோஸ் அரங்கைக் கட்டியவர். அவருடைய வளர்ப்பு மகள் ஜோனை 1592இல் மணந்தவர்தான் ஆலின். ஹென்ஸ்லோவின் கணக்குப் புத்தகத்தைப் பொதுவாக 'டயரி' என்றே சொல்கிறார்கள். அது முதலில் அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவரான ஜான், ஆஷ்டவுன் காட்டில் நடந்த இரும்புத் தொழிலுக்கு எழுதிய கணக்குப் புத்தகம். மிச்சமிருந்த பக்கங்களை வீணாக்காமல் புத்தகத்தைத் திருப்பி வைத்து ஹென்ஸ்லோ தன் நாடகக் கணக்கை எழுதிக்கொண்டார். என்றைக்கு எந்த நாடகம், எவ்வளவு வசூல், எந்த எழுத்தாளருக்கு எவ்வளவு முன்பணம், எந்த உடைக்கு எவ்வளவு விலை என்று போகிறது.

1594 செப்டம்பர் 30 அன்று 'டாக்டர் ஃபாஸ்டஸ்' நடந்தது, அவர் பங்குக்கு 3 பவுண்டு 12 ஷில்லிங் வந்தது. இப்படி வரிசையாக எழுதிக்கொண்டே போகிறார். அந்த வரிசையை மேலிருந்து கீழே படித்தால் தலை சுற்றும். வாரத்தில் ஆறு நாள் நாடகம், அநேகமாக ஆறும் வெவ்வேறு நாடகம். 1594-95 பருவத்தில் ரோஸ் அரங்கில் ஆலினின் நாடகக் குழுவான அட்மிரல் கம்பெனி மேடையேற்றியது 38 நாடகங்கள், அவற்றில் 21 புதியவை. புதிய நாடகம் முதல் நாள் நன்றாக வசூல் செய்யும், சில வாரம் கழித்து மறுபடி வரும், கூட்டம் குறைந்தால் பெட்டிக்குள் போய்விடும். இன்று திங்கட்கிழமை ஒரு அரசன், நாளை ஒரு மந்திரவாதி, அடுத்த நாள் மால்டாவின் யூதர் என்று ஆலின் மாறி மாறி நின்றிருக்கிறார்.

இந்த வேகத்தில் எப்போது ஒத்திகை பார்ப்பது? ஸ்டெர்னின் பதில் முதலில் படிப்பவரைத் தூக்கிவாரிப் போடும். இன்றைய பொருளில், எல்லோரும் கூடிக் காட்சி காட்சியாகப் பல வாரம் பழகும் ஒத்திகை கிட்டத்தட்ட இல்லை என்கிறார். நடிகர் தன் பார்ட்டை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தனியாகப் படிப்பார். அனுபவம் குறைந்தவர் என்றால் மூத்தவர் ஒருவர் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுப்பார். எல்லோரும் கூடுவது அநேகமாக ஒரே ஒரு முறைதான். அதுவும் சண்டை, நடனம், பாட்டு, கூட்டமாக வரும் காட்சி போன்றவற்றைச் சரிபார்க்க. அப்புறம் நேராக மேடைதான். முழு நாடகமும் ஒருவர் கையில்தான் இருக்கும். அவர் புத்தகத்தை வைத்துக்கொண்டு திரைமறைவில் நிற்கும் பிராம்ப்டர். மற்றவர்களுக்கு முழுப் பிரதி எழுதிக் கொடுத்தால் காகிதச் செலவு, எழுதுகிறவர் கூலி, நேரம் எல்லாம் கூடும். பிரதி வெளியே போய் வேறு கம்பெனியிடமோ அச்சகத்திடமோ சேர்ந்துவிடும் என்ற பயமும் இருந்தது. அந்த பயத்துக்குக் காரணமும் இருந்தது. ஒர்லாண்டோ நாடகத்தையே கிரீன் முதலில் அரசியின் கம்பெனிக்கு 20 நோபிள் காசுக்கு விற்றுவிட்டு, அவர்கள் வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து அட்மிரல் கம்பெனிக்கு இன்னொரு முறை விற்றார் என்று 1592இல் வந்த ஒரு துண்டு நூல் குற்றம் சாட்டுகிறது.

பார்ட்டுகள் இப்படித்தான் இருந்தன என்பதற்கு ஷேக்ஸ்பியரே சாட்சி. 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தில் நெசவாளர், தச்சர், துருத்தி பழுது பார்ப்பவர் என்று உழைப்பாளிகள் சிலர் சேர்ந்து ஒரு நாடகம் போடுகிறார்கள். தச்சர் குவின்ஸ் ஆளுக்கு ஒரு பார்ட்டை நீட்டுகிறார். சிங்கமாக நடிக்க வேண்டிய ஸ்னக், எனக்கு மனப்பாடம் மெதுவாகத்தான் வரும், எழுதியிருந்தால் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சுகிறார். கர்ஜிப்பது தவிர வேறு வேலை இல்லை, அப்படியே செய்துவிடலாம் என்று குவின்ஸ் தேற்றுகிறார். பிறகு ஒத்திகையில் துருத்திக்காரர் ஃப்ளூட், தன் வசனத்தோடு நடுவில் இருக்கும் கியூவையும் சேர்த்து ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுகிறார். கியூ, வசனம் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்கிறாயே என்று குவின்ஸ் கத்துகிறார். அரங்கில் நின்றிருந்த சாதாரண ஜனங்களுக்கும் பார்ட் எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால்தான் இந்த நகைச்சுவை எடுபடும்.

பால்ஃப்ரியும் ஸ்டெர்னும் இதிலிருந்து இன்னும் ஒரு படி போகிறார்கள். எனக்கு இந்த ஆய்வில் மிகப் பிடித்த இடமும் இதுதான். ஷேக்ஸ்பியர் தானும் ஒரு நடிகர். தன் வசனம் பார்ட்டுகளாக வெட்டப்படும் என்று தெரிந்தே எழுதியவர். அப்படியானால் கியூவையே ஒரு கருவியாக அவர் பயன்படுத்தியிருப்பார் அல்லவா?

அவர்கள் காட்டும் உதாரணங்களில் ஒன்று 'தி மெர்ச்சண்ட் ஆஃப் வெனிஸ்' மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சி. கைதான அன்டோனியோ, தனக்குப் பத்திரத்தின் பேரில் கடன் கொடுத்த ஷைலாக்கிடம் ஒரு வார்த்தை கேள் என்று மன்றாடுகிறான். பக்கத்தில் அவனுடைய நண்பன் சொலானியோ நிற்கிறான். என் பத்திரம் எனக்கு வேண்டும் என்று ஷைலாக் திரும்பத் திரும்பச் சொல்கிறார், அதே சொற்களோடு பேச்சை முடித்துக்கொண்டு வெளியேறுகிறார். அவர் போனதும் இப்படியொரு இரக்கமற்ற நாய் என்று சொலானியோ திட்ட வேண்டும். இப்போது சொலானியோவாக நடிப்பவரின் பார்ட்டை நினைத்துப் பாருங்கள். அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கும் கியூ அந்த இரண்டு மூன்று சொற்கள்தான். அவை ஷைலாக்கின் பேச்சில் நாலைந்து இடத்தில் வருகின்றன. முதல் முறை காதில் விழுந்ததுமே அவர் வாயைத் திறக்கிறார். ஷைலாக் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போகிறார். இவர் அடங்கி, மறுபடி அதே சொற்கள் வர, மறுபடி நுழைகிறார். ஷைலாக் பேசாதே, பேசாதே என்று சொல்வது ஏன் அத்தனை முறை வருகிறது என்று யோசித்தால், மேடையில் நிஜமாகவே ஒருவர் குறுக்கே பேசிக்கொண்டிருக்கிறார். ஆத்திரத்தை நடித்துக் காட்ட வேண்டிய அவசியமே அந்த நேரத்தில் இல்லை.

அச்சுப் புத்தகத்தில் இந்தக் காட்சியைப் படிப்பவருக்கு இது கண்ணில் படாது. அங்கே ஒருவர் பேசி முடித்த பிறகு அடுத்தவர் பேசுகிறார், ஒழுங்காக, மேலிருந்து கீழே. பார்ட் வைத்திருந்த நடிகருக்கு அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்று தெரியாது, அதனால் அவர் உன்னிப்பாகக் கேட்டே ஆக வேண்டும். கேட்பதே நடிப்பின் பாதி ஆகிவிடுகிறது. ஷேக்ஸ்பியரின் வசனத்தில் திடீர்த் திருப்பங்கள், பாதியில் அறுபடும் வரிகள், ஒருவரை நீ என்று தொடங்கி நீங்கள் என்று மாறுவது எல்லாமே பார்ட்டைத் தனியாகப் படிக்கும் நடிகருக்கு இங்கே உணர்ச்சி மாறுகிறது என்று சொல்லும் குறிப்புகளாகவும் வேலை செய்கின்றன. இயக்குநர் என்ற ஆளே இல்லாத மேடையில் அந்த வேலையில் ஒரு பகுதியை எழுத்தே செய்தது என்பது எனக்கு முழுக்க நம்பும்படியாக இருக்கிறது.

2009 நூல் பார்ட்டைத் தாண்டிப் போகிறது. ஒரு நாடகத்துக்குள் இருந்த மற்ற துண்டுகளையும் ஸ்டெர்ன் பொறுக்கி எடுக்கிறார். முன்னுரைப் பாட்டு தனித் தாள். முடிவுரை தனித் தாள். இவை பல சமயம் முதல் நாள் காட்சிக்கென்று எழுதப்பட்டவை. அன்றைக்குத்தான் ஜனங்கள் நாடகத்துக்குத் தீர்ப்புச் சொல்வார்கள், அவர்களைச் சமாதானப்படுத்தத்தான் முன்னுரை. பிழைத்தால் நாடகம் ஓடும், முன்னுரை கழற்றப்பட்டுவிடும். இன்று எல்லோருக்கும் தெரிந்த 'ரோமியோ ஜூலியட்' முன்னுரை 1597 பதிப்பில் இருக்கிறது, 1599 பதிப்பில் இருக்கிறது, 1623இல் வந்த ஷேக்ஸ்பியர் முழுத் தொகுப்பான ஃபோலியோவில் இல்லை. 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தின் கோரஸ் பேச்சுகள், அதாவது கதையை நடுநடுவே எடுத்துச் சொல்பவரின் பேச்சுகள், ஃபோலியோவில் இருக்கின்றன, 1600 பதிப்பில் இல்லை.

பாட்டுகளின் கதை இன்னும் சிக்கல். பாட்டுத் தாள் இசையமைப்பவரிடமும் பாடுபவரிடமும் போய்விடும், திரும்பி வந்தால்தான் உண்டு. ஜான் லிலியின் நாடகங்கள் முதலில் அச்சானபோது பாட்டு வரும் இடத்தில் பாட்டு என்ற குறிப்பு மட்டும் நிற்க, வரிகள் 1632இல், ஆசிரியர் இறந்து பல வருடம் கழித்து வந்த தொகுப்பில்தான் சேர்ந்தன. 'மெக்பெத்'தில் சூனியக்காரிகள் பாடும் இரண்டு பாட்டுகளுக்கு ஃபோலியோவில் முதல் வரி மட்டுமே உண்டு. முழுப் பாட்டும் தாமஸ் மிடில்டனின் 'தி விட்ச்' நாடகத்தில் கிடைக்கிறது. 'ஒதெல்லோ'வில் டெஸ்டிமோனா சாவதற்கு முன் பாடும் வில்லோ பாட்டு 1622 பதிப்பில் இல்லை, அடுத்த வருட ஃபோலியோவில் இருக்கிறது. ஸ்திரீபார்ட் போட்ட பையனுக்குக் குரல் உடைந்திருக்கலாம், அதனால் பாட்டை வெட்டியிருக்கலாம் என்று ஒரு விளக்கம் நெடுநாளாக உண்டு. பாட்டு ஒரு தனித் தாள், சேர்ப்பதும் எடுப்பதும் சுலபம் என்பதையும் கூடவே வைத்துப் பார்த்தால் அந்த விளக்கம் இன்னும் இயல்பாகிவிடுகிறது.

மேடையில் நடிகர் வாசித்துக் காட்டும் கடிதங்கள், அறிவிப்புகள் ஆகியவையும் தனித் தாளில் எழுதிக் கொடுக்கப்பட்டன. கையில் வைத்து வாசிப்பதற்கு மனப்பாடம் எதற்கு? திரைமறைவில் ஒரு அட்டை தொங்கும். எந்தக் காட்சியில் யார் யார் நுழைய வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி, அட்டையில் ஒட்டி, ஆணியில் மாட்ட வசதியாக மேலே ஒரு துளை. இப்படிப்பட்ட காட்சி அட்டைகள் அரை டஜனுக்குச் சற்று மேலே நமக்குத் தெரியும். அவற்றில் ஒன்றான 'ஏழு கொடும் பாவங்கள், இரண்டாம் பாகம்' டல்லிச்சில்தான் இருக்கிறது. வேறொரு நாடகக் கையெழுத்துப் பிரதிக்கு மேலுறையாகப் போட்டிருந்ததால் பிழைத்தது.

தெருவில் ஒட்டிய நோட்டீசும் இந்தக் காகிதக் குடும்பத்தில் சேர்த்தி. 1602 நவம்பரில் ரிச்சர்ட் வென்னர் என்பவர் ஸ்வான் அரங்கில் 'இங்கிலாந்தின் மகிழ்ச்சி' என்று ஒரு பிரமாண்ட நாடகம் நடக்கப்போவதாக, காட்சிக்குக் காட்சி விவரித்து நோட்டீஸ் அச்சடித்தார். கனவான்களும் சீமாட்டிகளும் நடிப்பார்கள் என்று பேச்சு. கூட்டம் திரண்டது, பெரும்பகுதிப் பணம் வசூலானது, வென்னர் ஓட்டம் பிடித்தார். ஏமாந்தவர்கள் திரைச்சீலை, நாற்காலி, சுவர் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் நாசம் செய்தார்கள். நாடகம் என்று ஒன்று இல்லவே இல்லை, ஆனால் அதன் நோட்டீஸ் இன்றும் லண்டனில் பாதுகாப்பாக இருக்கிறது.

சரி, ஸ்டெர்ன் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா? பார்ட்டுகள் பற்றியும் தனித் தாள்கள் பற்றியும் அவர் வாதம் பலமானது. ஒத்திகை பற்றிய பகுதியில் நான் கொஞ்சம் தயங்குகிறேன். இங்கிலாந்துத் தொழில்முறை மேடையின் பார்ட் ஒன்றே ஒன்றுதான் இருப்பதால், பல்கலைக்கழக நாடகங்களின் பார்ட்டுகள், 1660க்குப் பிந்தைய மேடையின் ஏராளமான ஆவணங்கள் ஆகியவற்றிலிருந்து பின்னோக்கி ஊகிக்க வேண்டியிருக்கிறது. இடையில் 18 வருடம் அரங்குகள் மூடிக் கிடந்தன, பெண்கள் மேடைக்கு வந்தார்கள், அரங்கின் வடிவமே மாறியது. பழக்கம் மட்டும் மாறாமல் இருந்ததா?

1614 ஏப்ரலில் ராபர்ட் டாஸ் என்ற நடிகர் ஹென்ஸ்லோவுடனும் அவருடைய கூட்டாளியுடனும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை இங்கே பார்க்க வேண்டும். முந்தின இரவு அறிவிக்கப்படும் ஒவ்வொரு ஒத்திகைக்கும் வர வேண்டும், தாமதமானால் 1 ஷில்லிங், வராவிட்டால் 2 ஷில்லிங், நாடக நேரத்தில் உடை அணிந்து தயாராக இல்லாவிட்டால் 3, குடித்திருந்தால் 10, நாடகத்துக்கே வராவிட்டால் 20. கூட்டு ஒத்திகை என்ற ஒன்று நிச்சயமாக இருந்தது என்பது இதில் தெளிவு. நாடகத்துக்கு வராததைவிட ஒத்திகைக்கு வராததற்கு அபராதம் பத்தில் ஒரு பங்குதான் என்பதும் தெளிவு. இரண்டு பக்கமும் இதை எடுத்துக்கொள்ளலாம். நான் படிக்கும்போது ஸ்டெர்ன் சொல்வதைவிடச் சற்று அதிகமான ஒத்திகையும், இன்றைய பழக்கத்தைவிட மிகக் குறைவான ஒத்திகையும் இருந்ததாகவே படுகிறது.

எவ்லின் டிரிபிள் என்ற ஆய்வாளர் வேறு திசையில் யோசித்தார். இத்தனை நாடகங்களை ஒரு நடிகர் எப்படி நினைவில் வைத்தார் என்ற கேள்வியே தவறான இடத்தில் தேடுகிறது என்றார். நினைவு ஒரு மூளைக்குள் மட்டும் இல்லை. மேடையின் பின்சுவரில் இருந்த கதவுகள் நுழைவதையும் போவதையும் ஒழுங்குபடுத்தின. காட்சி அட்டை வரிசையைச் சொன்னது. செய்யுள் நடை வரியைத் தாங்கியது. மூத்த நடிகர்கள் புதியவர்களை மேடையிலேயே வழிநடத்தினார்கள். இந்தக் கடைசி விஷயத்தில்தான் சிறுவர்கள் வருகிறார்கள். பெண் வேடமெல்லாம் போட்ட சிறுவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது நெடுநாள் மங்கலாக இருந்தது. டேவிட் காத்மன் லண்டன் வணிகக் குழுக்களின் பதிவேடுகளைத் துழாவி, பல நடிகர்கள் அந்தக் குழுக்களில் உறுப்பினர்கள், சிறுவர்களை மளிகை வியாபாரம் போன்ற தொழில்களின் பயிற்சியாளர்கள் என்று முறைப்படி பதிந்து மேடைக்குப் பழக்கினார்கள் என்று காட்டினார். ஃபோலியோவைத் தொகுத்த இருவரில் ஒருவரான ஜான் ஹெமிங்ஸ் மளிகை வணிகர் குழுவைச் சேர்ந்தவர். ஸ்காட் மெக்மில்லின் பார்ட்டுகளின் பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்தார். சிறுவர்களின் பார்ட்டில் கியூ கொடுப்பவர்களை எண்ணிப் பார்த்தால், பல வேடங்களில் அவர்கள் ஓரிருவராகவே இருக்கிறார்கள். குருவே எதிரில் நின்று கியூ கொடுத்தால், இருவரும் வீட்டிலேயே பாதி நாடகத்தைப் பழகிவிடலாம்.

டல்லிச் ஆவணங்களை நம்பும்போது ஒரு எச்சரிக்கையும் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அவற்றை அச்சிட்ட ஜான் பெய்ன் காலியர் பெரிய அறிஞர்தான். தன் கருத்துக்குத் தோதாகக் கையெழுத்துப் பிரதிகளிலேயே வரிகளைச் சேர்த்துவைத்தவரும் அவர்தான். 1881இல் ஜார்ஜ் வார்னர் தயாரித்த பட்டியல் அந்தப் போலிகளை ஒவ்வொன்றாக அடையாளம் காட்டியது. அதன் பிறகுதான் டபிள்யூ. டபிள்யூ. கிரெக் போன்றவர்கள் நம்பத்தகுந்த பதிப்புகளைக் கொண்டுவந்தார்கள். ஆலினின் பார்ட்டை 1594இல் அச்சான ஒர்லாண்டோ நாடகத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டவரும் கிரெக்தான். இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. நடிகர் படித்த நாடகம் ஒன்று, வாசகர் வாங்கிய நாடகம் ஒன்று.

பதிப்பாசிரியர்களுக்கு இது தினசரி வேலைச் சிக்கல். 1600இல் அச்சான 'மச் அடூ அபவுட் நத்திங்' நாடகத்தில் ஒரு காட்சியில் பேசுபவர் பெயர் டாக்பெர்ரி என்று இருக்க வேண்டிய இடத்தில் கெம்ப் என்றும், வெர்ஜஸுக்குப் பதில் கவ்லி என்றும் இருக்கிறது. இரண்டும் நடிகர்களின் பெயர். பொதுவாகப் பதிப்பாசிரியர்கள் அவற்றைத் திருத்திப் பாத்திரப் பெயரைப் போட்டு, அடிக்குறிப்பில் ஒரு வரி எழுதுவார்கள். ஆனால் நாடகத்தைத் துண்டுத் தாள்களின் தொகுப்பாகப் பார்க்கத் தொடங்கிவிட்டால், எதைத் திருத்துவது, முன்னுரையை எங்கே அச்சிடுவது, சில நாட்கள் மட்டும் பாடிய பாட்டை மூலத்தில் சேர்ப்பதா பின்னிணைப்பில் வைப்பதா என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஷேக்ஸ்பியர் நாடகங்களைக் குறிப்புகளோடு வெளியிடும் ஆர்டன் ஷேக்ஸ்பியர் பதிப்பு வரிசையின் நான்காம் சுற்றுக்கு ஸ்டெர்னும் பொதுப் பதிப்பாசிரியர்களில் ஒருவர். தன் ஆய்வு எழுப்பிய இந்தக் கேள்விகளுக்கு இனி ஒவ்வொரு நாடகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அவரும் அவருடைய சகாக்களும் பதில் சொல்லியாக வேண்டும்.